மாடி வீட்டில் லிபோ பேட்டரி சார்ஜ் செய்வது எப்படி: ஆர்சி கார், டுரோன் வாங்கிய புதியவர்களுக்கு

ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி கார் வாங்கினால் கடைக்காரர் டயர், கியர், ரிமோட் எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டிக் கொடுப்பார். பேட்டரியைச் சார்ஜ் செய்வது பற்றி அரை நிமிடம் பேசுவார். அந்தப் பெட்டியில் வீட்டைக் கொளுத்தக்கூடிய பொருள் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒன்றுதான், ஆனால் அதற்குக் கிடைக்கும் விளக்கம் அவ்வளவுதான்.

கோலாலம்பூரில் நம்மில் பலர் மாடி வீட்டில் இருக்கிறோம். கராஜ் இல்லை, கொல்லைப்புறம் இல்லை, மேலும் கீழும் குடும்பங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்கிறபடி ‘கராஜின் சிமெண்ட் தரையில் வைத்துச் சார்ஜ் செய்’ என்றால் நமக்கு உதவாது. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட வீட்டுக்காக எழுதியது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன் செய்கிற வேலைதான் இதில் பாதுகாப்பு. அழுத்திய பிறகு உங்கள் கையில் இருப்பது கொஞ்சம்தான். அதனால் முன்வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

1. பேட்டரியின் மேல் உள்ள எண்களைப் படியுங்கள்

ஒரு பேட்டரியில் ‘3எஸ், 11.1 வோல்ட், 2200 எம்ஏஎச், 25சி’ என்று அச்சிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் செய்யத் தேவையானவை முதல் மூன்று எண்கள்தான்.

‘எஸ்’ என்பது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த செல்களின் எண்ணிக்கை. ஒரு லிபோ செல்லுக்கு எழுதப்படும் வோல்ட் 3.7, முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.20. ஆகவே 2எஸ் பேட்டரியின் மேல் 7.4 என்று இருக்கும், நிரம்பினால் 8.4 காட்டும். 3எஸ் 11.1, நிரம்பினால் 12.6. 4எஸ் 14.8, நிரம்பினால் 16.8. இந்த மூன்று ஜோடிகளையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். சார்ஜர் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க இவைதான் அளவுகோல்.

எம்ஏஎச் என்பது கொள்ளளவு. சார்ஜ் மின்னோட்டம் இதிலிருந்துதான் வருகிறது: 1000-ஆல் வகுத்தால் கிடைக்கும் ஆம்பியர்தான் ‘1சி’. 2200 என்றால் 2.2 ஆம்பியர், 5000 என்றால் 5 ஆம்பியர்.

இங்கேதான் முதல் பொறி. லேபிளில் உள்ள ‘25சி’ என்பது பேட்டரி மோட்டாருக்குக் கொடுக்கக்கூடிய வேகம், அதாவது 2.2-ஐ 25-ஆல் பெருக்கி 55 ஆம்பியர். சார்ஜ் ஏற்றும் வேகம் அல்ல. சில பேட்டரிகளில் பின்பக்கம் சிறிய எழுத்தில் சார்ஜ் அளவு 2சி, 5சி என்று தனியாக எழுதியிருக்கும். அப்படி இருந்தாலும் புதியவர்கள் 1சி-யைத் தாண்ட வேண்டாம். 20 நிமிடம் மிச்சமாகும், பேட்டரியின் ஆயுள் குறையும்; அந்த வியாபாரம் கட்டுப்படியாகாது.

லேபிள் கிழிந்துபோன பழைய பேட்டரி கைக்கு வந்தால், வெள்ளைப் பிளக்கில் முடிகிற மெல்லிய கம்பிகளை எண்ணுங்கள். அதுதான் பேலன்ஸ் கம்பி, எல்லாச் செல்களையும் சமமாக நிரப்பச் சார்ஜர் பயன்படுத்துவது. செல்களின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். மூன்று கம்பி என்றால் 2எஸ், நான்கு என்றால் 3எஸ்.

கடைசியாக, வகை. ‘லிபோ’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில டுரோன் பேட்டரிகள் ‘எல்ஐஎச்வி’ (கூடுதல் வோல்ட் லித்தியம்) வகை. அவற்றின் ஒரு செல் 4.35 வரை ஏறும். விலை குறைந்த கார்களோடு என்ஐஎம்எச் (நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு) பேட்டரி வரும். அதற்குப் பேலன்ஸ் கம்பியே இருக்காது. இந்த மூன்றையும் சார்ஜரில் ஒன்றுக்குப் பதில் ஒன்று தேர்ந்தெடுக்கக் கூடாது. ஏன் என்பதை ஐந்தாம் படியில் சொல்கிறோம்.

2. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு

பேலன்ஸ் சார்ஜர் இல்லாமல் லிபோ வாங்காதீர்கள். கார் பெட்டியோடு வரும் மூன்று விளக்குச் சார்ஜர் 2எஸ், 3எஸ் பேட்டரிகளைச் சமன்படுத்தித்தான் சார்ஜ் செய்யும், ஆபத்தானதல்ல. ஆனால் அவற்றில் பல ஒரு ஆம்பியருக்கும் குறைவாகவே கொடுக்கும். 5000 எம்ஏஎச் பேட்டரி நிரம்ப ஆறேழு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், தூங்கப் போய்விடுவார்கள். அந்தச் சார்ஜரின் உண்மையான குறை அதுதான். திரை உள்ள சார்ஜர் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் காட்டும், ஸ்டோரேஜ் வசதியும் (பேட்டரியை ஓட்டாமல் வைத்திருக்க ஏற்ற அளவுக்குச் சார்ஜைக் கொண்டுவருவது) இருக்கும். ஸ்கைஆர்சி, ஐஎஸ்டிடி, டூல்கிட்ஆர்சி, ஹோட்டா ஆகியவை பரவலாகக் கிடைக்கும் பெயர்கள். 150 முதல் 300 ரிங்கிட் வரை ஒதுக்கி வையுங்கள்.

ஐமேக்ஸ் பி6 என்ற பெயரில் போலிகள் ஏராளம். வேலை செய்யும், ஆனால் வோல்ட் அளவு சரியாக இருக்குமென்று நம்ப முடியாது. எந்தச் சார்ஜர் வாங்கினாலும் முதல் சார்ஜ் முடிந்ததும் மல்டிமீட்டரில் ஒவ்வொரு செல்லையும் அளந்து பாருங்கள். 4.18 முதல் 4.21 வரை இருந்தால் நல்லது. 4.25 காட்டினால் அந்தச் சார்ஜரைத் திருப்பிக் கொடுங்கள். மல்டிமீட்டர் இல்லாதவர்கள் மிஸ்டர் டிஐஒய் போன்ற கடையில் வாங்கலாம். ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தரம் பார்த்து வாங்கலாம்.

வாட் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 50 வாட் சார்ஜர் 4எஸ் பேட்டரிக்கு 50-ஐ 16.8-ஆல் வகுத்து, சுமார் 3 ஆம்பியர்தான் தரும், நீங்கள் 5 என்று வைத்தாலும். கெடுதல் இல்லை, நேரம் கூடும். ஆர்சி காருக்கு 2எஸ் 5000 போதும் என்றால் 50 வாட் போதும்.

பல சார்ஜர்கள் நேராகச் சுவரில் செருகுவதல்ல. 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும். 50 வாட் சார்ஜருக்கு 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர். சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ளதை வாங்குங்கள், மூன்று முனைப் பிளக் உள்ளதாகப் பாருங்கள். இரண்டு முனைப் பிளக்கைப் பேனா மூடியால் எர்த் துளையைத் திறந்து சொருகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஒரு மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் இழுக்கும் கருவிக்கு அது வேண்டவே வேண்டாம். பிளக் ஆடும், சூடாகும், கருகும்.

மற்றவை சில்லறைச் செலவு: செல் வோல்ட் காட்டும் சிறிய அலாரம் சுமார் 10 ரிங்கிட், தீ தாங்கும் லிபோ பை 10 முதல் 30 ரிங்கிட், ஒரு வாளி உலர்ந்த மணல், செடி வைக்கும் பெரிய சுட்டமண் தொட்டி ஒன்று.

ரசீதையும் பெட்டியையும் வைத்திருங்கள். இணையத்தில் வாங்கியதென்றால் பெட்டியைப் பிரிப்பதை விடியோ எடுங்கள். அதே விடியோவில் பேட்டரியை அலாரத்தில் செருகி எண்ணைக் காட்டுங்கள். நல்ல பேட்டரி தொழிற்சாலையிலிருந்து செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வரும். 3.3-க்குக் கீழே வந்தால் அது கிடங்கில் கிழடானது. அன்றே திருப்பி அனுப்புங்கள், ‘ஒருமுறை சார்ஜ் செய்து பார்ப்போம்’ என்று நாள் கடத்தினால் திருப்பும் கெடு போய்விடும். விற்றவர் ஒத்துவரவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீதும் விற்றவரோடு பேசிய குறுஞ்செய்திகளும் கையில் இருக்க வேண்டும்.

3. வீட்டுக்குள் இடம் பிடிப்பது

டைல்ஸ் தரையில், சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி. மேலே திரைச்சீலை, கீழே பாய் அல்லது கார்பெட், அருகே சோபா எதுவும் இருக்கக் கூடாது. பால்கனி நல்ல இடம். துணி காயப்போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், வெயிலோ சாரலோ படாத மூலையாகப் பாருங்கள்.

கூடாத இடங்கள்: சமையலறை கேஸ் தோங் பக்கம், படுக்கையறை, காலணி அலமாரி, சாமி மேடைக்குக் கீழே. சாமி மேடையைச் சொல்வதற்குக் காரணம், அங்கே பிளக் இருக்கும், எண்ணெய்யும் திரியும் சூடமும் இருக்கும். வாசலுக்கு வெளியே நடைபாதையில் வைப்பதும் தப்பு. உங்கள் வீட்டுக்குப் பாதுகாப்பு என்று நினைத்து மாடியிலுள்ள எல்லோருடைய வெளியேறும் வழியையும் அடைக்கிறீர்கள்.

வாசலுக்கும் உங்களுக்கும் நடுவில் சார்ஜர் இருக்கக் கூடாது. புகை வந்தால் அதைத் தாண்டித்தான் ஓட வேண்டியிருக்கும். கிரில் கதவைப் பூட்டிச் சாவியை எங்கோ மாட்டி வைக்கிற வீடாக இருந்தால், சார்ஜ் நடக்கும் நேரம் முழுக்கச் சாவி பூட்டிலேயே இருக்கட்டும்.

பேட்டரியை லிபோ பைக்குள் வைத்து, பையை மண் தொட்டிக்குள் வையுங்கள். பை மட்டும் போதாது. மெல்லிய பை தீப்பொறியைத் தடுக்கும், பெரிய பேட்டரியின் சூட்டை முழுக்கத் தாங்காது. பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடியை இறுக்குவது அதைவிட மோசம். செல் உடைந்தால் வாயு பெருகும். வெளியேற வழியில்லாத டின் வெடிகுண்டாகிவிடும்.

4. சார்ஜுக்கு முன் பேட்டரியைச் சோதிப்பது

இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

கையால் தடவிப் பாருங்கள். தட்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும். தலையணைபோல் உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது; அதைச் சார்ஜ் செய்யாதீர்கள், ஊசியால் குத்தவும் செய்யாதீர்கள். இனிப்பான நெயில் பாலிஷ் வாடை வந்தால் எங்கோ கசிகிறது. கெட்டிக் கூடு உள்ள ஆர்சி கார் பேட்டரியில் உப்பல் வெளியே தெரியாது. கூட்டின் ஒட்டு பிரிந்திருக்கிறதா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா என்று கவனியுங்கள்.

சூட்டைப் பாருங்கள். ஓட்டி முடித்த உடனே சார்ஜ் போடுவது இங்கே எல்லோரும் செய்யும் தவறு. நம் ஊர் நிழலே 33 டிகிரி. பேட்டரி தானாக ஆற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். தொட்டால் சூடு தெரியக் கூடாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஆற்றாதீர்கள், வெளியே எடுத்ததும் பிளக்கில் நீர் கோக்கும்.

அலாரத்தைப் பேலன்ஸ் பிளக்கில் செருகி எண்களைப் பாருங்கள். செல்கள் 3.5-க்கு மேல் இருந்து, அவற்றுக்குள் வித்தியாசம் 0.03-க்குள் என்றால் சார்ஜ் செய்யலாம். வித்தியாசம் 0.1-ஐத் தாண்டினால் ஒரு செல் தளர்கிறது என்று பொருள். ஒருமுறை மெதுவாக, அரை சி-யில் சமன்படுத்திப் பாருங்கள், அடுத்த முறையும் அதே செல் விழுந்தால் பேட்டரியை ஓய்வுக்கு அனுப்புங்கள். எந்தச் செல்லாவது 3.0-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் செய்யாதீர்கள். சார்ஜரை என்ஐஎம்எச் முறையில் வைத்து ஏமாற்றி ‘உயிர்ப்பிக்கும்’ வித்தையை யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். அந்தச் செல்லுக்குள் செம்பு கரைந்து படிந்திருக்கலாம். மறுபடி சார்ஜ் ஏறும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். 100 ரிங்கிட் பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக எடுக்கக்கூடிய ஆபத்து அல்ல அது.

பார்த்து முடித்ததும் அலாரத்தைக் கழற்றுங்கள். அது பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது, எல்லாச் செல்லிலிருந்தும் சமமாக எடுப்பதில்லை. செருகியபடி மறந்துவிட்டால் சில நாட்களில் பேட்டரி செத்துவிடும்.

5. இணைக்கும் வரிசையும் செட்டிங்கும்

தீ விபத்துக்கு வழிவிடும் தவறுகளில் மோசமானவை இந்தப் படியில்தான் நடக்கின்றன. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முதலில் அடாப்டரைச் சுவரில் செருகி, சார்ஜரை எழுப்புங்கள். அடுத்து சார்ஜ் கம்பியின் சிவப்பு, கறுப்பு வாழைப்பிளக்குகளைச் சார்ஜரில் செருகுங்கள். அதன் பிறகுதான் பேட்டரியின் பெரிய பிளக். இந்த வரிசை ஏன் என்றால், வாழைப்பிளக்கின் உலோக முனைகள் திறந்தவை. பேட்டரியை முதலில் மாட்டிவிட்டால் அந்த இரண்டு முனைகளும் மேசைமேல் ஒன்றையொன்று தொட்ட கணமே முழு மின்னோட்டமும் பாயும். கம்பி உருகும், கை வேகும். கழற்றும்போது நேர்மாறு: பேலன்ஸ் பிளக், பேட்டரியின் பெரிய பிளக், கடைசியாக வாழைப்பிளக்.

எக்ஸ்டி60 பிளக்கில் சதுர முனை நேர், சரிந்த முனை எதிர். நீங்களே கம்பி பற்றவைத்திருந்தால் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

பெரிய பிளக்குக்குப் பிறகு பேலன்ஸ் பிளக். கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள், வெள்ளைத் தலையைப் பிடியுங்கள். அந்த மெல்லிய கம்பிகள் வேரோடு வந்துவிடும், இரண்டு கம்பி தொட்டால் ஒரு செல் ஷார்ட் ஆகும்.

இப்போது சார்ஜர் திரை. நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்.

வகை: லிபோ. என்ஐஎம்எச் முறையில் வைத்துவிட்டால் சார்ஜர் 4.20-இல் நிற்காது. அந்த வகைப் பேட்டரி நிரம்பும்போது வோல்ட் லேசாக இறங்கும். சார்ஜர் அந்த இறக்கத்துக்காகக் காத்திருக்கும். லிபோவில் அந்த இறக்கம் வராது. 4.3, 4.5 என்று ஏறிக்கொண்டே போய்த் தீப்பிடிக்கும். எல்ஐஎச்வி முறையில் வைத்தாலும் சாதாரண லிபோவுக்கு 4.35 போய்விடும்.

முறை: பேலன்ஸ் சார்ஜ். ‘ஃபாஸ்ட் சார்ஜ்’ வேண்டாம்.

செல் எண்ணிக்கை: லேபிளில் உள்ளதே. ஐமேக்ஸ் பி6 போன்றவற்றில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ‘ஆர்: 3’, ‘எஸ்: 3’ என்று இரண்டு எண் காட்டும். ஆர் என்பது சார்ஜர் கண்டுபிடித்தது, எஸ் என்பது நீங்கள் வைத்தது. இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் உறுதிசெய்யுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பேலன்ஸ் பிளக் சரியாக உட்கார்ந்ததா பாருங்கள். உட்கார்ந்திருந்தும் எண் மாறினால் ஒரு செல் செத்திருக்கலாம். எண்ணை மாற்றிவைத்துச் சமாளிக்காதீர்கள்.

ஆம்பியர்: 1சி. சார்ஜர் போன முறை வைத்த எண்ணை ஞாபகம் வைத்திருக்கும். நேற்று 5000 எம்ஏஎச் கார் பேட்டரிக்கு 5.0 வைத்தீர்கள், இன்று தம்பியின் டுரோனுக்குரிய 850 எம்ஏஎச் பேட்டரியைச் செருகினீர்கள். மாற்றாமல் அழுத்தினால் கிட்டத்தட்ட 6சி. அது 0.8 ஆக இருக்க வேண்டும். இரண்டு அளவுப் பேட்டரி வைத்திருக்கும் வீட்டில், ஒவ்வொன்றின் மேலும் சரியான ஆம்பியரை மார்க்கரால் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

செட்டிங் மெனுவுக்குள் இரண்டு காவல் எண்கள் இருக்கும்: நேர வரம்பு, கொள்ளளவு வரம்பு. நேரத்தை 120 நிமிடம் என்று வைக்கலாம். கொள்ளளவு வரம்பைப் பேட்டரியின் எண்ணைவிட ஒரு பத்து விழுக்காடு கூட்டி வையுங்கள், 2200-க்கு 2400. வேறு எல்லாம் தவறினாலும் இந்த எண் வந்ததும் சார்ஜர் நின்றுவிடும். பலர் இதைத் தொடுவதே இல்லை.

இரண்டு மூன்று பேட்டரிகளை ஒரே பலகையில் பக்கவாட்டாக இணைத்துச் சார்ஜ் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். வோல்ட் வித்தியாசமான இரண்டு பேட்டரியை அப்படி இணைத்தால் ஒன்று மற்றொன்றுக்குள் கட்டுப்பாடின்றிக் கொட்டும். முதல் ஆறு மாதம் ஒன்றொன்றாகவே செய்யுங்கள்.

6. சார்ஜ் ஏறும் நேரம்

1சி-யில் ஒரு மணி நேரம் என்று கணக்கு. சமன்படுத்தும் நேரத்தையும் சேர்த்தால் 70 முதல் 80 நிமிடம். முதலில் ஆம்பியர் நிலையாக நிற்கும், வோல்ட் ஏறும். செல் 4.20-ஐ எட்டியதும் வோல்ட் நிற்கும், ஆம்பியர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கடைசி 20 நிமிடம் எண்கள் நகரவே நகராததுபோல் தெரியும். பழுதில்லை, பொறுத்திருங்கள்.

முதல் ஐந்து நிமிடம் பக்கத்திலேயே இருந்து, பேட்டரியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். 1சி-யில் அது வெதுவெதுப்பாகக்கூட ஆகக் கூடாது. ஆனால் சார்ஜர் சூடாகும், அது இயல்பு. பிறகு அதே அறையில் வேறு வேலை பார்க்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செல் எண்களை எட்டிப் பாருங்கள். குளிக்கப் போவது, கீழே ரொட்டி சானாய் வாங்கப் போவது, தூங்குவது எதுவும் கூடாது. போக வேண்டும் என்றால் ஸ்டாப் அழுத்திக் கழற்றிவிட்டுப் போங்கள். பாதியில் நிறுத்தினால் லிபோவுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

பிற்பகல் இடிமழைக்கு முன்போ, காலையிலோ சார்ஜ் வையுங்கள். வானம் இருண்டால் நிறுத்திப் பிளக்கைச் சுவரிலிருந்தே எடுங்கள். இடி இறங்கிக் கரண்டு டிரிப் ஆனால் சில சார்ஜர்கள் திரும்ப எழும்போது மெனுவின் தொடக்கத்துக்குப் போய்விடும். கரண்டு வந்ததும் ஸ்டார்ட்டை மட்டும் அழுத்தாமல், வகை, முறை, செல், ஆம்பியர் நான்கையும் மறுபடி பாருங்கள்.

7. ஓட்டும்போது எங்கே நிறுத்துவது

செல் 3.5 வந்ததும் நிறுத்துங்கள். அலாரத்தின் தொழிற்சாலை அளவு 3.3 ஆக இருந்தால் பொத்தானை அழுத்தி 3.5-க்கு மாற்றுங்கள். ஆர்சி காரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில், விலை குறைந்த மாடல்களில், சிறிய ஜம்பர் ஒன்று இருக்கும். அது லிபோ பக்கம் இருக்க வேண்டும். என்ஐஎம்எச் பக்கம் விட்டிருந்தால் கார் லிபோவைச் சரியான இடத்தில் நிறுத்தாது, செல்லைக் கொன்றுவிடும். ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தாலும் பெட்டி கொஞ்சம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

8. ஸ்டோரேஜ்

நிரம்பிய பேட்டரியை இரண்டு மூன்று நாளுக்கு மேல் அப்படியே வைத்தால் உப்பக்கூடும். நம் வெப்பத்தில் இன்னும் சீக்கிரம். சனிக்கிழமை சார்ஜ் செய்தீர்கள், மழை வந்து திடலுக்குப் போகவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அலமாரியில் வைத்தீர்கள். பேட்டரிகள் வீட்டிலேயே கெட்டுப்போவது இப்படித்தான். ஞாயிறு இரவே ஸ்டோரேஜ் முறையில் செல்லுக்கு 3.80 முதல் 3.85 வரை இறக்கிவிடுங்கள்.

சிறிய சார்ஜர்கள் 5 வாட் அளவில்தான் இறக்கும். 3எஸ் 2200-ஐ நிரம்பிய நிலையிலிருந்து இறக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். வெறும் கையோடு காத்திருப்பதைவிடக் காரில் செருகி வாசலில் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள், பிறகு ஸ்டோரேஜ் போடுங்கள். அதைவிட நல்ல பழக்கம், போகும் நாள் காலையில் மட்டும் சார்ஜ் செய்வது.

வைக்கும் இடம் வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை, மண் தொட்டி அல்லது இறுக்கி மூடாத உலோகப் பெட்டி. நீங்கள் பயணிக்கும் காரின் பின்பக்கச் சாமான் பெட்டியில் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். மாதம் ஒருமுறை வோல்ட் பாருங்கள்.

9. உப்பினால், புகைந்தால்

சார்ஜ் நடுவே உப்புவது தெரிந்தால் ஸ்டாப் அழுத்துங்கள், சுவர் சுவிட்சை அணையுங்கள். பேட்டரியைக் கையால் தூக்காதீர்கள். தொட்டிக்குள்ளேயே இருக்கட்டும், தொட்டியைப் பால்கனிக்குத் தள்ள முடிந்தால் தள்ளி, எரியக்கூடிய பொருட்களை அகற்றி, அரை மணி நேரமாவது தூரத்திலிருந்து கவனியுங்கள். விழுந்து அடிபட்ட டுரோன் பேட்டரிக்கும் இதே முறை. அடிபட்ட உடனே ஒன்றும் ஆகாமல், நேரம் கழித்துப் புகையலாம்.

புகை வந்துவிட்டால் வெள்ளைப் புகையைச் சுவாசிக்காதீர்கள், அதில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும். மணலைக் கொட்டினால் தீ பரவுவது குறையும், பேட்டரியின் உள்சூடு குறையாது. தண்ணீர் உள்சூட்டைத் தணிக்கும். லிபோவில் தண்ணீர் ஊற்றவே கூடாது என்பது தவறான பேச்சு. சுவர் மின்சாரத்தை அணைத்த பிறகு, நிறைய ஊற்ற வேண்டும். வீட்டிலுள்ள தூள் அணைப்பான் சுற்றிப் பிடித்த தீயை அணைக்கும், பேட்டரி மறுபடி பற்றலாம். திரைச்சீலையோ சோபாவோ பற்றிவிட்டால் எதையும் அணைக்கப் பார்க்காதீர்கள். எல்லோரையும் வெளியேற்றி, அறைக் கதவைச் சாத்தி, 999. பொம்பாவிடம் ‘பாத்தேரி லித்தியம்’ என்று சொல்லுங்கள், எத்தனையாவது மாடி என்பதையும்.

10. கழித்துக் கட்டுவது

குப்பைக் குழாயில் போடாதீர்கள். லாரியில் நசுங்கும்போது தீப்பிடிக்கும். உப்பு நீரில் ஊறப்போட்டால் போதும் என்பார்கள். பிளக்கின் உலோகம் முதலில் அரித்துப்போகும், உள்ளே சார்ஜ் அப்படியே இருக்கும். 3எஸ் பேட்டரி என்றால் மோட்டார் பட்டறையில் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட் பல்பை இணைத்து, வெளியில் வைத்து, வெளிச்சம் முழுக்க அணையும்வரை விடுங்கள். 2எஸ்-க்கும் அதே பல்பு, மங்கலாக எரியும். மல்டிமீட்டரில் பூஜ்யத்துக்கு அருகே வந்ததும் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி, தனித்தனியாக டேப் சுற்றுங்கள். இரண்டு கம்பியையும் சேர்த்து வெட்டினால் கத்தரிக்கோலே ஷார்ட் ஆக்கும். மோசமாக உப்பியதைப் பல்பில் போடாமல் மணல் தொட்டியிலேயே வைத்துக் கொண்டுபோங்கள். சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த மின்கழிவு சேகரிப்பு இடங்களுக்குக் கொண்டுபோகலாம். லித்தியம் பேட்டரி வாங்குவார்களா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள்.

11. விமானத்தில் கொண்டுபோவதென்றால்

கோத்தா கினாபாலுவுக்கோ சென்னைக்கோ கொண்டுபோக நினைப்பவர்கள் வாட்-மணி கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். லேபிள் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 3எஸ் 2200 என்றால் 11.1 பெருக்கல் 2.2, அதாவது 24.4. 4எஸ் 5000 என்றால் 74. 100 வரை உள்ள உதிரிப் பேட்டரிகள் கைப்பையில் மட்டும் போகலாம், செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. 100-க்கும் 160-க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும், அதிகபட்சம் இரண்டு. 6எஸ் 5000 என்பது 111. பலர் இதை விமான நிலையத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள், பேட்டரியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஸ்டோரேஜ் அளவுக்கு இறக்கி, பிளக் ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டு அல்லது டேப் ஒட்டி, ஒரு பேட்டரிக்கு ஒரு பை என்று வையுங்கள். லேபிளில் வாட்-மணி அச்சிட்டிருக்க வேண்டும் என்று சோதனைக் கவுண்டரில் கேட்பார்கள். அழிந்துபோன லேபிள் உள்ள பேட்டரியை எடுத்துப் போகாதீர்கள். அனுமதி மின்னஞ்சல் இருந்தால் அச்செடுத்துப் பேட்டரிப் பைக்குள்ளேயே வையுங்கள், கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்க வரிசை காத்திருக்காது.